கால்மாட்டில் உட்கார்ந்தவர்

யாராவது குளிரில் நடுங்குவதைப் பார்த்தால் மோருப் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. கணவாய்ச் சாலையில் பனி அள்ளும் இயந்திரம் ஓட்டியவர். குளிர்காலம் முழுக்க மேலே முகாமில்தான் இருப்பு. பனியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர்களை இறக்கிக் கொண்டுவந்து, பூட்ஸைக் கழற்றி, அவர்கள் பாதத்தைத் தன் சட்டைக்குள் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படிக் கால்விரல்கள் பிழைத்த பஞ்சாப் ஓட்டுநர் ஒருவர் வருடாவருடம் ஒரு டின் லட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் எல்லாம் அந்த லட்டைத் தின்று வளர்ந்தவர்கள்.

வீட்டிலும் அதே வழக்கம்தான். விடுப்பில் வந்தால், சாப்பாடு முடிந்ததும் அடுப்போரம் சாய்ந்து, யாங்டோல் அக்காவின் பாதங்களை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆப்ரிகாட் கொட்டை எண்ணெய் தேய்ப்பார். பிறகு அடுப்புச் சாம்பலில் சுட்ட கல்லைக் கம்பளித் துணியில் சுற்றி உள்ளங்காலுக்கு அணை கொடுப்பார். அவருடைய அம்மா உயிரோடு இருந்தவரை, மகன் பெண்டாட்டியின் காலைப் பிடிக்கிறானே என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாராம்.

"அவ கால் பனிக்கட்டி, அமாலே. ராத்திரி என் மேலதான் படுது. நான் எனக்காகத் தேய்ச்சுக்கறேன்" என்பாராம் இவர்.

அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே பாஸ்பூன். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற சில வீடுகளின் கூட்டு அது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் உடலைத் தொடக்கூடாது. மற்ற வீட்டு ஆண்கள்தான் கட்டி, தூக்கி, எரித்து முடிப்பார்கள். சாவுக்கு உரிமை உள்ளவர்களுக்கு அடுப்படிக்கும் உரிமை உண்டு. அந்த வீட்டுத் தேநீர்க்குடத்தில் வெண்ணெய் எவ்வளவு போடுவார்கள் என்பது வரை எனக்குத் தெரியும்.

யாங்டோல் அக்கா மோருப் அண்ணனுக்கு நேர் எதிர். சிரிப்பு வர நேரமாகும்; வந்தால் நிற்காது. எதையும் முன்கூட்டியே செய்து வைத்துவிட வேண்டும் அவருக்கு. இலையுதிர்காலம் தொடங்கும் முன்பே சாண வறட்டி கூரையில் அடுக்கியாகிவிடும். சாவையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அவருடைய தாயார் இறந்தபோது சகோதரிகள் எல்லாரும் மேலே விழுந்து கதறியிருக்கிறார்கள். பிறகு வந்த லாமா, "போறவளுக்கு வழி சொல்ல வேண்டிய நேரத்துல எல்லாருமாச் சேர்ந்து கையைக் காலைப் பிடிச்சு இழுத்திருக்கீங்களே" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் அக்காவை விடவில்லை. மகள் லாஸ்கித் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் அவர் மடத்துக்குப் போய் போவா பழகத் தொடங்கினார்.

உயிர் பிரியும் நேரத்தில் அதைக் கீழே சிதறவிடாமல் உச்சந்தலை வழியாக மேலே அனுப்பும் பயிற்சி அது. நெஞ்சிலிருந்து நினைப்பை மேலே எழுப்பி, 'ஹிக்' என்று ஓசை கொடுத்து உச்சிக்குத் தள்ள வேண்டும். பழக்கம் கைகூடினால் தலையின் நடுவே தோல் இளகுமாம். அதைச் சோதிக்க லாமா ஒரு புல் தண்டை அங்கே செருகிப் பார்ப்பார். அக்காவின் தலையில் புல் நின்றது. அன்றைக்கு மடத்திலிருந்து தலை அசையாமல், கழுத்தைத் திருப்பாமல், தலையில் புல்லோடு நடந்து வந்தார். மோருப் அண்ணன் விடுப்பில் இருந்தார். வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வயல்ல இடம் போதலைன்னு தலையிலயும் பார்லி விதைச்சாச்சா?"

அக்கா சிரித்ததில் புல் விழுந்துவிட்டது. விழுந்ததற்காக இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

காலையில் பூஜையறையிலிருந்து 'ஹிக்' என்று சத்தம் வந்தால், இவர் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் வைப்பார். "விக்கலுக்குத் தண்ணி. குடிச்சா நின்னுடும்." எத்தனையோ வருடம் இந்தக் கேலி நடந்தது. அக்கா அந்தத் தண்ணீரை எடுத்து, புத்தர் முன்னால் இருக்கும் கிண்ணங்களில் ஊற்றிவிடுவார். "நீங்களும் ஒரு நாள் வந்து உட்காருங்க" என்று கூப்பிடுவார். "முதல்ல ரிட்டயர் ஆகட்டும்" என்பார் இவர். ரிட்டயர் ஆனதும், "முதல்ல வீட்டுக் கூரையை முடிக்கட்டும்" என்றார். கூரையும் முடிந்தது.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று லே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சண்டிகருக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் சாப்பாடு இறங்கவில்லை. மோருப் அண்ணன் டெல்லிக்குப் போகலாம் என்று தாண்டவமாடினார். நான் அப்போது அவர்கள் அடுப்படியில் பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

"டெல்லியில எனக்கு என்ன இருக்கு?" என்றார் அக்கா.

"டாக்டர் இருக்கான். மெஷின் இருக்கு."

"நீங்க ஒரு மெஷினை ஓட்டிக்கிட்டு இருபது வருஷம் மலையில கிடந்தீங்க. நான் ஒரு மெஷினுக்குள்ள படுத்துக்கிட்டுச் சாகணுமா? இங்கயே இருக்கேன். பழகினதை இங்கதான் பழகினேன்."

"பழகினதாம், பழகினது. யாரு திரும்பி வந்து சொன்னா, வழி சரியா இருக்குன்னு?"

"யாரும் சொல்ல வேண்டாம். நீங்க குறுக்கே நிக்காம இருந்தாப் போதும்."

நான் பட்டாணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவர் எழுந்து வெளியே போய், ஏற்கெனவே பிளந்து வைத்திருந்த விறகை மறுபடியும் பிளந்தார்.

பார்லி அறுவடை முடிந்ததும் அக்கா தன் காரியங்களை ஒவ்வொன்றாக முடித்தார். தலையணியான பெராக்கைப் பிரித்துத் துடைத்து லாஸ்கித்துக்குக் கொடுத்தார். பக்கத்து வயல்காரி திஸ்கெத்தின் வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தார்; பழைய வாய்க்கால் தகராறுக்குப் பிறகு அவர்கள் வீட்டுப் படியை அக்கா மிதித்ததே இல்லை. கடைசியாக, கணவரிடம் ஒரே ஒரு வாக்குக் கேட்டார்.

"லாமா வர்றதுக்கு முன்னாடி போயிட்டேன்னா, நீங்கதான் தலைமாட்டுல உட்காரணும். உச்சியில மட்டும் கை வைங்க. காதுல 'மேலே பாரு, மேலே போ'ன்னு சொல்லுங்க. வேற எங்கயும் தொடக்கூடாது. கால் பக்கம் போகவே கூடாது. தொட்ட இடத்துக்குத்தான் உயிர் திரும்பும். அழக்கூடாது."

"சரி."

"சொல்லிக் காட்டுங்க."

"தலைமாட்டுல உட்காரணும். மேலே போன்னு சொல்லணும். அழக்கூடாது."

"தொடக்கூடாது?"

"தொடக்கூடாது."

"எங்க?"

"ஏய், நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?" என்று கோபப்பட்டார். ஆனாலும் சொன்னார். லாஸ்கித்தும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பனி விழுந்த பிறகு அக்கா படுத்தபடியே ஆனார். அடுப்படியில்தான் படுக்கை. அது ஒன்றுதான் வெதுவெதுப்பான இடம். கடைசி வாரத்தில், தன்னைப் பூஜையறைக்கு மாற்றச் சொன்னார். அங்கே அடுப்பு கிடையாது. தெய்வங்களுக்கு முன்னால் புகை கூடாது என்று வைத்ததில்லை. மோருப் அண்ணன் முடியாது என்றார். அக்கா சாப்பிட மாட்டேன் என்றார். சாப்பிடுவதே இரண்டு கரண்டி மோர்தான், அதற்கும் மிரட்டல். என் கணவரும் மோருப் அண்ணனும் மெத்தையோடு தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினார்கள். கிண்ணங்களில் தண்ணீர் உறைந்திருந்தது. அக்காவின் முகத்தில் மட்டும் பயணத்துக்கு வண்டி ஏறி உட்கார்ந்த ஒருத்தியின் அமைதி.

அது ஒரு மதிய நேரம். நல்ல வெயில், ஆனால் காற்று. மூச்சு மாறுவதைப் பார்த்த லாஸ்கித், லாமாவைக் கூட்டிவர மடத்துக்கு ஓடினாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று, 'ஆச்சே' என்று அக்கா முறை வைத்து என்னைக் கூப்பிட்டு, "நேரமாயிடுச்சு போல, ஆச்சே. அபாலே தலைமாட்டுல இருக்காரு" என்று கத்திவிட்டு மேலே ஏறினாள். நான் என் கணவரைக் கூப்பிட்டுவரத் தொழுவத்துக்குப் போனேன். நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் லாமா தார்கியேயும் லாஸ்கித்தும் இறங்கி வந்துவிட்டார்கள். நாலு பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம்.

அக்கா போய்விட்டிருந்தார். மோருப் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஈரமில்லை. உச்சியில் கை வைத்திருந்தார். எல்லாம் அக்கா சொன்னபடி. லாஸ்கித் அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் மனதுக்குள், பரவாயில்லை மனுஷன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

லாமா தார்கியே மோருப் அண்ணனைவிட வயதில் சின்னவர். அந்தப் பனி இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி ஒரு காலத்தில் தெருவில் புரண்டு அழுதவர். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதி, போவா செய்து முடித்தார். உடலை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து கட்டுவதற்கு முன், எங்கே சூடு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். சூடு கடைசியாக நிற்கும் இடம்தான் உயிர் வெளியேறிய வாசல். உச்சியில் நின்றால் நல்ல பிறவி. கீழே போகப்போகத் தாழ்ந்த கதி; பாதத்தில் என்றால் நரகம்.

என் கணவர் தொட்டுப் பார்த்தார். உச்சியும் நெற்றியும் சில்லென்று இருந்தன. நெஞ்சும் அப்படித்தான். போர்வையை விலக்கிப் பாதத்தைத் தொட்டவர் கையைப் பட்டென்று எடுத்துக்கொண்டார்.

"கால் சூடா இருக்கே" என்றார். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

லாமா எழுந்து வந்து தானே தொட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கூடுதலா ஓதணும்" என்று மட்டும் சொன்னார். லாஸ்கித்தின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மோருப் அண்ணன் தரையில் விரித்திருந்த கம்பளத்தின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? எரியூட்டல் நாளுக்குள் எல்லார் வாயிலும் அதுதான். அத்தனை வருடம் பழகியவர், தலையில் புல் நின்றவர், கால் வழியாகப் போயிருக்கிறார். அப்படியானால் என்னவோ இருந்திருக்க வேண்டும். என்ன இருந்தது என்று தேட ஆரம்பித்தார்கள். தேடினால் கிடைக்காத மனுஷி உலகத்தில் உண்டா?

"வாய்க்காலைத் திருப்பி விட்டாளே, மறந்துட்டீங்களா?" என்றாள் திஸ்கெத், ரொட்டி சுட்டுக்கொண்டே. "எங்க வயல் காய்ஞ்சது. சாகறதுக்கு முன்னாடி வந்து தேத்தண்ணி குடிச்சா. தேத்தண்ணி குடிச்சாப் பார்லி முளைச்சிருமா?"

"செத்தவளைப் பேசாதே, ஆச்சே" என்றேன்.

"நான் பேசலை. அவ கால் பேசுது."

அது தொட்டுப் பார்த்த உண்மையாக இருந்தது.

பிறகு, பசிக்கு வந்த ஒருவனை அக்கா நாயை விட்டு விரட்டியது வந்தது. மாமியாரோடு பேசாமல் இருந்த ஒரு குளிர்காலம் வந்தது. ஏழாம் நாள் சடங்குக்கும் அடுத்த ஏழாம் நாள் சடங்குக்கும் இடையில், யாங்டோல் அக்காவின் வாழ்க்கையை ஊரே உட்கார்ந்து திருப்பி எழுதிவிட்டது. கண்டிப்பானவர் கொடுமைக்காரர் ஆனார். சிக்கனமானவர் கஞ்சர் ஆனார். மகளும் அதில் மாட்டிக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. லாஸ்கித் கல்சே ஊரில் டீச்சர். குளிர்கால விடுமுறையில் வந்தவள். அம்மாவுக்குப் புண்ணியம் சேர்க்கிறேன் என்று காலையில் ஸ்தூபியைச் சுற்றி விழுந்து விழுந்து கும்பிட ஆரம்பித்தாள். உறைந்த மண்ணில். முழங்கால் இரண்டும் புண்.

ஒரு நாள் மருந்து தடவிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "அமாலே எங்கிட்ட என்னத்தை மறைச்சாங்க, ஆச்சே? உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

"ஒண்ணும் மறைக்கலைடி."

"அப்போ கால் எப்படிச் சூடா இருந்துச்சு?"

அடுப்புக்கு அந்தப் பக்கம் மோருப் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எழுந்து வெளியே போனார். துக்கம் தாளாமல் போகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்குப் பாஸ்பூன் வீடுகள் எல்லாம் வந்திருந்தன. ஓதி முடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாயிற்று. நான் துக்பா சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். திஸ்கெத் பேச்சுவாக்கில், "லாஸ்கித் இவ்வளவு கும்பிட்டதுல அவ அம்மாவுக்கு நரகம் போய் ஏதோ மிருகப் பிறவியாவது கிடைச்சிருக்கும்" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். மோருப் அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நான்தான் சூடு பண்ணினேன்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"அவ காலை. நான்தான். கல்லைச் சுட்டு வச்சேன்."

லாஸ்கித் கையில் கரண்டியோடு நின்றாள். "என்ன சொல்றீங்க, அபாலே?"

"நீ மேல போனதும் தலைமாட்டுலதான் உட்கார்ந்தேன். சொன்னதெல்லாம் சொன்னேன். மேலே பாரு, மேலே போன்னேன். எவ்வளவு நேரம் சொல்றது? அவ மூச்சு இழுக்குது. அந்த ரூம்ல தண்ணி உறையுது. போர்வையில இருந்து கால் வெளிய வந்து கிடந்துச்சு, நீலமா. மூடி விடலாம்னு போனேன். மூடத்தான் போனேன். தொட்டதும்..." அவர் தன் கைகளை யாருடையதோ போலப் பார்த்தார். "அடுப்புல கல் எப்பவும் கிடக்கும். எடுத்துட்டு வந்து வச்சேன். கையில பிடிச்சுக்கிட்டேன். கால்மாட்டுலயே உட்கார்ந்துட்டேன். அப்படியேதான் போனா. உங்க சத்தம் கேட்டதும் கல்லை எடுத்துக் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டுத் தலைமாட்டுல வந்து உட்கார்ந்தேன்."

"கோட்டுக்குள்ளயா?" என்றார் என் கணவர்.

"வயிறு வெந்துபோச்சு. இன்னும் தழும்பு இருக்கு" என்று சொல்லிச் சட்டையைத் தூக்கப் போனார். லாமா கையைப் பிடித்துத் தடுத்தார்.

லாஸ்கித் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "என் முழங்காலைப் பார்த்துக்கிட்டு தினம் எதிர்ல உட்கார்ந்து தேத்தண்ணி குடிச்சீங்க" என்றாள். "அமாலேயைக் கஞ்சப் பிசினாறின்னு சொன்னாங்க, கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நானே நம்பினேன். பெத்த பொண்ணு நானே நம்பினேன்."

"எப்படிச் சொல்றது? அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதைக்கூடச் செய்யலைன்னு எப்படிச் சொல்றது?"

திஸ்கெத் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். எல்லாரும் லாமாவைப் பார்த்தோம். அவர் ஏதாவது நல்லதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அதற்குத்தானே அவர்.

"அப்படின்னா எதையும் சொல்ல முடியாது" என்றார் லாமா தார்கியே. "கால்ல இருந்தது கல்லோட சூடு. அதனால கீழ போனாங்கன்னு சொல்ல முடியாது. நெத்தியும் உச்சியும் நாங்க வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு. அதனால மேல போனாங்கன்னும் சொல்ல முடியாது."

"நான் பிடிச்சதால கீழ இழுத்திருப்பேனா?"

"தெரியாது, ஆச்சோ" என்றார் லாமா, அண்ணன் முறை வைத்து. "அவங்க நல்லாப் பழகினவங்க. ஒரு கை பிடிச்சா நின்னுடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்."

லாமா போன பிறகு, பாத்திரம் கழுவும்போது லாஸ்கித் அப்பாவைக் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"நீங்க கால்ல கை வச்சப்போ அமாலே ஏதாவது சொன்னாங்களா?"

"பேச்சு இல்லை."

"அசைஞ்சாங்களா?"

"கால் அசைஞ்சுது. லேசா. இழுத்துக்கப் பார்த்தாளா, என் கைக்குள்ள தள்ளினாளா, அது தெரியலை. தினமும் அதைத்தான் நினைச்சுப் பார்க்கறேன். சில நாள் இழுத்துக்கிட்ட மாதிரி இருக்கு. சில நாள் இல்லை."

லாஸ்கித் கழுவிய கிண்ணங்களை அடுக்கி வைத்தாள். பள்ளி திறந்ததும் கல்சேக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை வருவாள், சமைப்பாள், அளவாகப் பேசுவாள். திஸ்கெத் எங்கள் எல்லாரிடமும் வந்து, வாய்க்கால் விஷயத்தில் தன் மேலும் தப்பு உண்டு என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்க வேண்டிய அக்காதான் இல்லை.

வசந்தத்தில் மோருப் அண்ணன் போவா பழக மடத்துக்குப் போய், பெண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆண்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் காது கேட்காது. நானும் இப்போது போகிறேன். கண்ணை மூடி நினைப்பை நெஞ்சிலிருந்து மேலே எழுப்பச் சொல்கிறார்கள். மற்றவர்கள் 'ஹிக்' என்று சொல்லி முடித்த பிறகு அவருடைய குரல் தனியாகத் தாமதமாக வரும். சின்னப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அவருக்குக் கோபம் வருவதில்லை.

"மேலே போகச் சொன்னா என் நினைப்பு நேராப் பாதத்துக்குப் போகுது" என்றார் ஒரு சனிக்கிழமை, லாஸ்கித் போட்ட ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "இதுக்கு மேல என்ன வரப்போகுது? எனக்குத் தலைமாட்டுல உட்கார ஆளும் இல்லை."

"நான் உட்காருவேன்" என்றாள் லாஸ்கித். "ஆனா கால்ல கை வைக்க மாட்டேன். எவ்வளவு குளிர்னாலும்."

"வைக்காதே" என்றார். பிறகு, "லேசா இல்லைம்மா, ரொம்பக் குளிரும். உனக்கே பார்க்கக் கஷ்டமா இருக்கும்" என்றார்.

"தெரியும், அபாலே" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதை நான் பார்த்தேன்.